தரணியின் ரத்தம், ஜெயபாண்டியின் பெயர்

ஜெயபாண்டி, வயது இருபத்திநான்கு, இருப்பு திருப்பூர் நெருப்பெரிச்சல், குழந்தையம்மாள் லைன் வீடு, நாலாம் நம்பர் ரூம். யாரிடம் பேசத் தொடங்கினாலும் இப்போதெல்லாம் அவன் வாயில் இந்த வரிசைதான் முதலில் வந்து நின்றது. எட்டு மாதமாக ஆஸ்பத்திரிகளில் சீட்டு எழுதும் ஜன்னல்களில் இதையே ஒப்பித்து ஒப்பித்து வந்த பழக்கம். ஊரில் இருக்கும் சொந்தத் தங்கை அனுசுயாவுக்குச் சேதி அனுப்பினாலும், “பேரு ஜெயபாண்டி, வயசு இருபத்தி நாலு, நெருப்பெரிச்சல்ல இருந்து பேசுதேன்” என்றுதான் ஆரம்பிப்பான். விரலால் தட்டி எழுத அலுப்பு. போனை வாய்க்கு நேரே பிடித்துச் சொல்வான், அது எழுதிக்கொள்ளும். சங்கரன்கோவில் பக்கத்து ஊரில் அனுசுயா அதை அம்மா மூக்கம்மாளுக்கு வாசித்துக் காட்டுவாள்.

“பேரு எனக்குத் தெரியாதா? நான்தானல வச்சேன்” என்று அம்மா பதிலுக்குத் தங்கை போனில் குரல் பதிந்து கத்துவாள். “சீக்கு என்னன்னு சொல்லு!”

அதைத்தான் அவனும் எட்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

அலுப்பு என்றால் சாமானியப்பட்ட அலுப்பில்லை. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும், ராத்திரி முழுக்க யாரோ அவனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய் மூட்டை தூக்க வைத்துவிட்டு விடியும்போது திருப்பி விட்டது போல இருக்கும். கம்பெனியின் இரண்டு மாடிப் படியை ஏற மூன்று இடத்தில் நிற்பான். சும்மா நின்றால் கேட்பார்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் போனை எடுத்துப் பார்ப்பான். “படியில பொண்ணுகூடப் பேசுறான்” என்று ஒரு புரளியே கிளம்பிவிட்டது. அவன் மறுக்கவில்லை. மூச்சு வாங்குகிறது என்பதைவிட அது கௌரவமாக இருந்தது.

அவன் வேலை பவர் டேபிளில். பத்துப் பன்னிரண்டு தையல் மிஷின்கள் எதிரும் புதிருமாக ஓடும் நீள மேஜை அது. ஒருவன் தோளைச் சேர்ப்பான், அடுத்தவன் கையை வைப்பான், அதற்கடுத்தவன் அடியை மடிப்பான். நடுவில் ஒருவன் தூங்கினால் டி-சர்ட் அவனிடமே தேங்கி நிற்கும். ஜெயபாண்டியிடம் தேங்கியது. போன மாதம் ஒரு நாள் முப்பது பீஸுக்கு இரண்டு பக்கமும் வலது கையே வைத்துத் தைத்துவிட்டான். டேபிளை நடத்தும் பாண்டித்துரை, உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தார்.

“மாப்ள, இத யாருடா போடுவா? ரெண்டு கையும் சோத்தாங்கையாப் பொறந்தவனா?”

“தூக்கம் வந்திருச்சுண்ணே.”

“எனக்குந்தான்டா வருது. நான் என்ன காலர்ல கால் வச்சா தைக்கிறேன்?”

இத்தனைக்கும் ஜெயபாண்டி நல்ல கைக்காரன். சாம்பிள் செக்‌ஷனில் ஒரு இடம் காலியாகப் போகிறது, அதற்கு அவனைத்தான் பார்க்கிறார்கள் என்று பேச்சு இருந்தது. சாம்பிள் டெய்லர் என்றால் ஒரு உருப்படியை முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஆள் தைப்பது. அவன் தைத்தது வெளிநாட்டுக்குப் போய், அங்கே ஒரு துரை அதைத் தடவிப் பார்த்து, “இதே மாதிரி ஐம்பதாயிரம்” என்பான். நினைத்தாலே ஜெயபாண்டிக்கு முதுகு நிமிரும். பத்து நிமிடத்தில் மறுபடி வளையும்.

காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. லைன் வீட்டுக்காரக் குழந்தையம்மாள், “வடக்க தலை வெச்சுப் படுத்தா இப்புடித்தானுங் கண்ணு ஆவும். தெக்க திரும்பிப் படு” என்றார். திரும்பிப் படுத்தான். ஐந்து பேர் படுக்கிற ரூமில் ஒருவன் மட்டும் திரும்பினால் கால் எங்கே போகும்? பீகார்க்காரப் பையன் ஒருவன் மூன்று நாள் பொறுத்துவிட்டு, நாலாம் நாள் விடியற்காலையில் இந்தியில் நீளமாக ஏதோ சொன்னான். ஜெயபாண்டிக்கு இந்தி தெரியாது. ஆனாலும் தலையை வடக்கே மாற்றிக்கொண்டான்.

ஒருவர் லேகியம் சாப்பிடு என்றார். ஒருவர் கொசுவர்த்திப் புகை என்றார். ஒருவர் நிலத்தடியில் கலந்த சாயப்பட்டறைத் தண்ணீர் என்றார். மெயின் ரோட்டுக் கிளினிக்கில் ஒரு டாக்டர் எதுவுமே சொல்லாமல் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றினார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவன் தூங்கிய தூக்கம் நன்றாக இருந்தது. எழுந்ததும் அலுப்பும் கூடவே எழுந்து, செருப்பு மாட்டிக்கொண்டு அவனோடு வந்தது. இன்னொரு டாக்டர் கேட்டார், “பிளட் டெஸ்ட் எதாவது எடுத்திருக்கியா?” ஜெயபாண்டி பையிலிருந்து லேமினேஷன் போட்ட தாளை எடுத்து நீட்டினான்.

டாக்டர் மேலிருந்து கீழே பார்த்தார். புருவம் உயர்ந்தது.

“ஹீமோகுளோபின் பதினாறா! சுகர் நார்மல், கொழுப்பு நார்மல். தம்பி, இந்த ரத்தம் எனக்கிருந்தா நான் மலை ஏறுவேன். உனக்கு உடம்புல ஒண்ணுமில்ல. எல்லாம் மனசு. கல்யாணம் பண்ணிக்கோ.”

ஜெயபாண்டிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரே ஒரு குறைதான். தாளில் பெயர் அவனுடையது, ரத்தம் தரணியுடையது.

அது நடந்தது ஐந்து மாதம் முன்னால். வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள், எல்லாத் தொழிலாளியும் ரத்தப் பரிசோதனை செய்த காகிதம் ஃபைலில் இருக்க வேண்டும் என்று கம்பெனியிலேயே முகாம் போட்டார்கள். அன்றைக்கே மாலையில் கன்டெய்னர் கிளம்ப வேண்டும். மிஷின் நிற்கக் கூடாது. போதாததற்கு, ரிப்போர்ட்டில் சத்தில்லை என்று வந்தால் ஆளை எடுத்துவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். ஜெயபாண்டிக்கு அப்போதே மூன்று மாத அலுப்பு.

பாண்டித்துரைதான் வழி கண்டுபிடித்தார். அயன் மாஸ்டர் தரணி, சேவூர்க்காரன், ஜிம்முக்குப் போய் உடம்பை வளர்த்து வைத்திருப்பவன். தன் டோக்கனுக்குக் காலையிலேயே ரத்தம் கொடுத்திருந்தான்; துணிகளெல்லாம் தைத்து முடியும் வரை அயன் டேபிளில் அவனுக்கு வேலையில்லை.

“தரணி, ஒனக்கு ரத்தம் அம்புட்டு இருக்கு. என்னோடது, ஜெயபாண்டியோடது எல்லாஞ் சேத்து நாலு டோக்கன் இருக்குப்பா, போயிட்டு வந்துரு.”

“நாலுங்களா? என்னுங்க அண்ணா, நானென்ன போர்வெல்லுங்களா?”

“ஆளுக்கு ரெண்டு சொட்டுதான்டா. டோக்கனுக்கு ஒரு ஜூஸ் பாக்கெட் வேற தாரானுக.”

தரணி போனான். முதல் தடவை சும்மா, இரண்டாவது தடவை தொப்பி, மூன்றாவது தடவை மாஸ்க், நாலாவது தடவை தொப்பியும் மாஸ்க்கும். ரத்தம் எடுத்த பையன் கடைசியில் அவன் கையைப் பார்த்து, “ஏனுங்க, ஏற்கெனவே பஞ்சு ஒட்டியிருக்குதே?” என்றான். “கொசுக் கடிங்க” என்றான் தரணி. முந்நூறு பேருக்கு இரண்டே ஆளாக வந்திருந்த அந்தப் பையனும் அதற்கு மேல் கேட்கவில்லை. தரணி நாலு ஜூஸ் பாக்கெட்டோடு திரும்பி வந்து, நாலையும் ஜெயபாண்டியின் கண்ணெதிரிலேயே குடித்தான்.

அப்படித்தான் அந்த டேபிளில் நாலு பேர் ஒரே நாளில் பயில்வான்கள் ஆனார்கள். முதல் டாக்டரிடம் ஜெயபாண்டி அந்தத் தாளை நாலாக மடித்தபடியே நீட்டினான். இரண்டாவது டாக்டரிடம் விரித்தே நீட்டினான். மூன்றாவது இடத்துக்குப் போகும்போது லேமினேஷனே போட்டுவிட்டான். பெயர், வயது, முத்திரை எல்லாம் சரியாக இருக்கிற ஒரு காகிதத்தை எத்தனை நாள்தான் ஒருவன் சந்தேகப்படுவான்? தன் ரத்தமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்று அவனே நம்ப ஆரம்பித்திருந்தான்.

நம்பியதன் வினை திங்கட்கிழமை வந்தது. அம்மா போன் செய்தாள்.

“ஏல, ரத்தம் நல்லாருக்குன்னு அந்தத் தாள்ல போட்டிருக்குல்லா?”

“ஆமாம்மா.”

“டாக்டரும் ஒண்ணுமில்லன்னுட்டாரு?”

“ஆமாம்மா.”

“அப்பொ சீக்கு உள்ள இல்லல. வெளிய இருந்து வந்திருக்கு. எவளோ செய்வின வச்சிருக்கா. ஞாயித்துக்கெழம காலைல நான் பஸ் ஏறி வாரேன். திரும்பி வாரதுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்தாச்சு. உடுக்கடிச்சுக் குறி சொல்லுத கோடாங்கிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். அது கழிஞ்சதும் நீ மாமா கடையில இரி.”

மாமா கடை என்றால் உரக்கடை. பகலெல்லாம் மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து, “மாப்ளைக்கு ஒரு எழவும் தெரியல” என்று மாமா வருகிறவர்களிடம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சாம்பிள் செக்‌ஷன், வெளிநாட்டுத் துரை, ஐம்பதாயிரம், எல்லாம் யூரியா வாசத்தில் போய்விடும்.

“எம்மா, எனக்கு இங்கதாம்மா இருக்கணும்.”

“சீக்குக்குப் பேரு சொல்லு, இருந்துக்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லு” என்று அம்மா வைத்துவிட்டாள்.

ஆறு நாளில் ஒரு வியாதிக்குப் பெயர் கண்டுபிடிக்க வேண்டும். ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அவனுக்கும் தோன்றியது. ஆனால் புது ரிப்போர்ட்டில் வேறு மாதிரி வந்தால், பழையது எப்படி வந்தது என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் டேபிளே மாட்டும். பாண்டித்துரை அவனை அயன் செய்துவிடுவார், அதுவும் தண்ணீர் தெளிக்காமல்.

புதன்கிழமை மத்தியானம் ஹெச்.ஆர். மேடம் அனுப்பிரியா கையில் ஒரு பட்டியலோடு டேபிளுக்கே வந்தாள். பின்னால் மருதாள் நின்றாள். மருதாள் செக்கிங்கில் இருப்பவள், உள்ளூர்க்காரி, தைத்த துணியில் ஓட்டை இருந்தாலும் ஆளிடம் ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். ஜெயபாண்டி சாப்பிடாமல் மேஜையில் தலை சாய்த்துக் கிடக்கும் நாட்களில் தன் டிபன் பாக்ஸ் மூடியில் களியை வைத்து அவன் முன்னால் தள்ளிவிட்டுப் போகிறவளும் அவள்தான்.

“இந்த மருதாளக்காவோட பொண்ணுக்கு வெள்ளிக்கிழமை சிசேரியனுங்க” என்றாள் அனுப்பிரியா. “ஓ நெகட்டிவ் ரத்தம் ஒரு யூனிட் ரெடியா வெச்சுக்கச் சொல்லியிருக்காங்க. ரொம்ப ரேர் குரூப்புங்க. நம்ம கம்பெனில முந்நூறு பேர்ல அஞ்சே பேருதானுங்க இருக்கறாங்க. அதுல நாலு பேரு இந்த ஒரு டேபிள்லயே! எனக்கு ஆச்சரியமாப் போச்சுங்க.”

டேபிளில் நாலு மிஷின்கள் ஒரே நேரத்தில் நின்றன.

“அஞ்சாவது ஆளு தரணிங்க. அவரு போன மாசந்தான் குடுத்திருக்காரு. மூணு மாசம் ஆவாம திருப்பி எடுக்க மாட்டாங்களாமுங்க. அதனால உங்க நாலு பேர்ல ஒருத்தரு…”

பாண்டித்துரைக்கு நாற்பத்தெட்டு வயதில் மின்னல் வேகம் இருந்தது. “நம்ம ஜெயபாண்டி போவான் மேடம்! வயசுப் பய. ரத்தம் பதினாறு!”

மருதாள் ஜெயபாண்டியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “என்ற சாமி, நல்லா இருப்ப கண்ணு.”

அவர்கள் அந்தப் பக்கம் போனதும் பாண்டித்துரை குனிந்து காதில் சொன்னார். “மாப்ள, பயப்படாத. போ. ஊசிய எடுப்பாங்கள்ல, அப்ப மயக்கம் வந்த மாதிரி விழுந்துரு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக. விழுகிறது ஒனக்கு என்ன புதுசா?”

“அக்காக்கு ரத்தம் வேணுமேண்ணே.”

“ரத்த பேங்குல இல்லாத ரத்தமாடா? எப்படியும் குடுத்துருவாக. நீ விழு, போதும்.”

வியாழக்கிழமை காலை மருதாளின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து கிளம்பினான். உட்காரும்போது முகம் சுளித்தது. மிஷின் ஸ்டூலுக்கு அவன் கட்டிங் வேஸ்ட் துணியைத் திணித்து ஒரு மெத்தை தைத்து வைத்திருந்தான். கேட்டால் இடுப்பு வலி என்பான். அதை எடுத்து வர மறந்துவிட்டான்.

வழியெல்லாம் மருதாள் பேசிக்கொண்டே வந்தாள். “பையனாப் பொறந்தா உன்ற பேரையே வெச்சுப்போடறதுன்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லிப்போட்டேன். ஜெயபாண்டீன்னு எங்க பக்கம் ஒருத்தனும் கெடையாது. ஆனாப் பரவால்லீன்னுட்டாரு. உன்ற ரத்தமில்ல அந்தக் கொழந்தைக்கு ஓடப் போவுது…”

குழந்தைக்குத் தன் பெயர், தன் ரிப்போர்ட்டுக்கு வேறொருவன் ரத்தம், இப்போது வேறொருவன் குரூப்பை நம்பி ஒரு பிள்ளைத்தாய்ச்சி. விழுந்துவிடலாம்தான். விழுந்த பிறகு எழ வேண்டுமே, எழுந்து இந்த அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

“அக்கா” என்றான். “அந்த ரிப்போர்ட்டுல இருக்கது என் ரத்தமில்லக்கா.”

“ஏங்?”

சொன்னான். டோக்கன், தொப்பி, மாஸ்க், கொசுக் கடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான்.

வண்டி ஒரு பேக்கரி வாசலில் நின்றது. மருதாள் இறங்கி, ஹேண்டில் பாரைப் பிடித்தபடி அவனையே பார்த்தாள்.

“நாளைக்கு ஆப்பரேசன்” என்றாள்.

“எனக்கு என்ன குரூப்புன்னு எனக்கே தெரியாதுக்கா. ஒருவேள ஓ நெகட்டிவாவும் இருக்கலாம்லா?”

“இதென்ன லாட்டரிச் சீட்டா? கீறிப் பாக்கறதுக்கு?”

“நான் இங்கயே எறங்கி பஸ்ஸுல போயிருதேன்க்கா.”

“போயி? மறுக்கா டேபிள்ல தலைய வெச்சுத் தூங்கறதுக்கா?” அவள் போனை எடுத்து மருமகனைக் கூப்பிட்டாள். நிலவரத்தைச் சொன்னாள். ரத்தம் கொடுப்பவர்களின் குழு ஏதோ இருக்கிறது, அதில் போடுகிறேன் என்றான் அவன். போனை வைத்துவிட்டு ஜெயபாண்டியின் பக்கம் திரும்பி, அவன் கீழ் இமையை ஒரு விரலால் இழுத்துப் பார்த்தாள். துணியில் கறை பார்க்கிற அதே பார்வை.

“வெள்ளைத் துணியாட்ட இருக்குது. ஏறு வண்டில. வந்தது வந்தோம், உன்ற ரத்தம் என்னன்னாவது பாத்துப்போட்டுப் போவலாம்.”

ரத்த வங்கியில் இருந்த டாக்டர் பெயர் சுபஸ்ரீ. இளவயது. மேஜையில் பாதி தின்ற பன். ஜெயபாண்டி வழக்கம்போல, “பேரு ஜெயபாண்டி, வயசு இருபத்தி நாலு” என்று ஆரம்பித்து, தாளை நீட்டாமல் விரலை நீட்டினான். அவள் குத்தினாள். ஒரு சொட்டு ரத்தம் சின்ன மிஷினுக்குள் போனது. கண்ணாடித் தகட்டில் இன்னும் இரண்டு சொட்டு.

“பி பாசிட்டிவ்” என்றாள். பிறகு மிஷினைப் பார்த்தாள். விரலைத் துடைத்துவிட்டு இன்னொரு விரலில் குத்தி இன்னொரு முறை பார்த்தாள். “ஏழு புள்ளி நாலு.”

“பத்துக்கா டாக்டர்?”

“பத்துக்கில்லீங்க. பதிமூணுக்கு மேல இருக்கணும். நீங்க ரத்தம் குடுக்க வந்தீங்களா, எடுத்துட்டுப் போக வந்தீங்களா?”

மருதாள் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. ஜெயபாண்டிக்கு அழுகையும் வந்தது, ஏதோ ஒரு பெரிய சந்தோஷமும் வந்தது. பொய் சொல்லவில்லை, சோம்பேறி இல்லை, அந்த டாக்டர் சொன்னது போல எல்லாம் மனசும் இல்லை. ஏழு புள்ளி நாலு. எண்ணே சொல்கிறது.

“எத்தனை நாளா டயர்டு?”

“எட்டு மாசமா.”

“இவ்வளவு குறையணும்னா ரத்தம் எங்கியோ போகணும், இல்லேன்னா உடம்புல சேராம இருக்கணும். வாந்தில ரத்தம் வருதா? மோஷன் கருப்பாப் போகுதா? வேற எங்கியாவது ரத்தம் போகுதா?”

ஜெயபாண்டி மருதாளைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். எட்டு மாதத்தில் தலை வைக்கும் திசை முதல் கொசுவர்த்தி வரை எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொன்னவன், ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம் சொல்லலாம் என்றால் பக்கத்தில் நர்ஸ் நிற்பாள். தங்கைக்குச் சேதி அனுப்பலாம் என்றால் வாயால் சொல்ல வேண்டும், ரூமில் நாலு பேர் படுத்திருப்பார்கள். அந்தப் பக்கம் அதை வாசிப்பவளும் தங்கை. எனவே அது அலுப்போடு சம்பந்தமில்லாத விஷயம் என்று அவனே முடிவுகட்டி வைத்திருந்தான்.

உதட்டை அசைத்தான்.

“கேக்கலீங்க.”

“பைல்ஸ்…” என்றான். “ரத்தம் போகுது டாக்டர். டெய்லி. ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்.”

“அட கிரகமே!” என்றாள் மருதாள். “அதுக்குத்தான் அந்த மெத்தையா? இடுப்பு வலின்ன?”

“அக்கா, வெளிய இருங்கக்கா!”

“இருக்கறன், இருக்கறன். இதுல என்ன வெக்கம்? அந்த டேபிள்ல பாதிப் பேருக்கு அதுதான். உங்க பாண்டித்துரை எதுக்கு நாள் முழுக்க நின்னுட்டே கத்தறாருன்னு நெனச்ச?”

டாக்டர் சுபஸ்ரீ பன்னைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு தாளில் எழுத ஆரம்பித்தாள். பத்து மணி நேரம் உட்கார்ந்தே வேலை, தண்ணீர் குடிப்பதில்லை, பாத்ரூம் போனால் டேபிள் நிற்கும் என்று அடக்குவது, பரோட்டா, சாப்பிட்ட கையோடு டீ. ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவன் ஆமாம் என்றான்.

“ஒரு நாளைக்கு எத்தனை டீ?”

“ஏழு… எட்டு.”

“ரத்தம் போறது ஒரு காரணம். அது மட்டுந்தான்னு நான் இப்பவே சொல்ல மாட்டேன். இரும்புச் சத்து, பி-ட்வெல்வ், குடல்ல புழு, எல்லாம் பாக்கணும். சர்ஜனைப் பாருங்க. இன்னைக்கே போங்க, கீழதான் ஓ.பி. மாத்திரை குறைஞ்சது மூணு மாசம். சாப்பாட்டோட டீ கூடாது. இன்னொண்ணு, மாத்திரை போட்ட மறுநாளே எந்திரிச்சு ஓடுவேன்னு நினைக்காதீங்க. மெதுவாத்தான் ஏறும். அப்பவும் அலுப்பு மிச்சம் இருந்தா திரும்பத் தேடணும். விட்டுடக் கூடாது.”

“டாக்டர், இதுக்குப் பேரு என்ன?”

“அனீமியா. ரத்தசோகை.”

“அத ஒரு சீட்டுல பெருசா எழுதிக் குடுப்பீகளா? எங்க அம்மாக்குக் காட்டணும்.”

அவள் எழுதினாள். முத்திரையும் வைத்தாள்.

ரத்தத்துக்கு ஒரு வழி பிறந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு அவினாசிப் பக்கமிருந்து ஒரு விவசாயி வந்தார், அசல் ஓ நெகட்டிவ். கொடுத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று பிஸ்கட்டைக்கூடத் தின்னாமல் போய்விட்டார். வெள்ளிக்கிழமை மருதாளின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் தேவைப்படவே இல்லை. ஜெயபாண்டி என்று பெயர் வைக்கும் ஆபத்தும் நீங்கியது.

கம்பெனியில்தான் ஆபத்து நீங்கவில்லை. வியாழக்கிழமையே சர்ஜனைப் பார்த்துவிட்டு, ஜெயபாண்டி நேராக அனுப்பிரியாவின் மேஜைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஃபைலைத் திறந்து நாலு ரிப்போர்ட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். நாலிலும் ஹீமோகுளோபின் பதினாறு. நாலிலும் சுகர் தொண்ணூற்றிரண்டு.

“ஐயோ, இதை நானே ஃபைல் பண்ணியிருக்கறனே!” என்று தலையில் கை வைத்தாள். “வெளிநாட்டுக்காரங்க இதைப் பாத்து, வெரி ஹெல்த்தி டேபிள்னு பாராட்டிட்டுப் போனாங்களே!”

தரணியைக் கூப்பிட்டாள். “நாலு ஜூஸும் நானேதானுங்க குடிச்சேன்” என்று அவன் முதல் கேள்விக்கே எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டான். வேலையை விட்டு யாரையும் அனுப்பவில்லை. அனுப்பினால் ஏன் அனுப்பினோம் என்று எழுத வேண்டும். ஆனால் நாலு பேரும் வெள்ளிக்கிழமையே சொந்தக் கையால் சொந்த ரத்தம் கொடுக்க வேண்டும் என்றாள்.

பாண்டித்துரை ஜெயபாண்டியிடம் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. சனிக்கிழமை காலை ரிப்போர்ட் வந்தது. அவருக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மாப்ள” என்றார் கடைசியில், குரல் இறங்கி. “இந்த அஞ்சு மாசமா தரணி சர்க்கரைய நம்பி நான் ஜிலேபி தின்னிருக்கேன்டா.”

“அண்ணே, இப்பவாவது தெரிஞ்சுச்சே.”

“தெரிஞ்சு என்ன பண்ண? நேத்தே தெரிஞ்சிருந்தா நேத்துத் தின்னத மெதுவாத் தின்னிருப்பேன்ல?” பிறகு ஜெயபாண்டியின் முகத்தைப் பார்த்தார். “நீ ஒரு மணி நேரத்துக்கு ஒருக்க எந்திரிச்சு நட. தண்ணி குடி. பாத்ரூம் போ. டேபிள் நின்னா நிக்கட்டும். நானும் வாரேன்.”

சாம்பிள் செக்‌ஷனுக்கு வேறு ஆளைப் போட்டாயிற்று. அனுப்பிரியா அதை அவனிடம் நேராகவே சொன்னாள். “மூணு மாசத்துல உடம்பு தேறட்டுங்க, அப்புறம் பாக்கலாங்க.” பாக்கலாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாது. ஜெயபாண்டி அதற்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டான். ஆனால் இருந்தால்தானே பார்க்க முடியும்? நாளைக் காலையில் அம்மா பஸ் ஏறினால், மூன்று மாதம் கழித்து அவன் யூரியா மூட்டைக்கு நடுவில் இருப்பான்.

சாயங்காலம் லைன் வீட்டு மொட்டை மாடிக்குப் போனான். குழந்தையம்மாள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். நாலு ரூம் ஆட்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். அனுசுயாவுக்கு மட்டும் அனுப்பினால் கூச்சப்பட்டுப் பாதியை முழுங்கிவிடுவாள் என்று குடும்ப வாட்ஸப் குழுவைத் திறந்தான். அதில் மொத்தம் பத்தொன்பது பேர். மாமா இருக்கிறார், அத்தை இருக்கிறாள், அத்தை மகள் இருக்கிறாள். போன் பேசினால் அம்மா அழுவாள், பாதியில் வைத்துவிடுவாள். எழுதினால்தான் முழுதாகப் போகும். எழுத வேண்டும் என்றால் வாயால் சொல்ல வேண்டும்.

டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைப் படம் எடுத்து முதலில் அனுப்பினான். பிறகு போனை வாய்க்கு நேரே பிடித்தான். தொண்டையைச் செருமினான். குழந்தையம்மாள் துணி எடுப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

“எனக்கு வந்திருக்கது ரத்தசோகை. செய்வின இல்ல. முன்னால அனுப்புன ரிப்போர்ட்டு என் ரத்தம் இல்ல, கூட வேல பாக்குற தரணியோடது. தப்பு எம்மேலதான். எனக்கு பைல்ஸ் இருக்கு, ஒரு வருசமா ரத்தம் போகுது, வெக்கப்பட்டு யார்ட்டயும் சொல்லல. இப்பொ சர்ஜனைப் பாத்தாச்சு, மாத்திர ஆரம்பிச்சாச்சு. புதன்கிழம திரும்ப வரச் சொல்லிருக்காக. இத வாசிக்கது அனுசுயாவோ மாமாவோ அத்தையோ யாராயிருந்தாலும் சரி, சிரிக்கதுன்னா சிரிச்சுக்கிடுங்க, ஆனா ஒரு எழுத்து விடாம அம்மாக்கு வாசிச்சுக் காட்டுங்க. காட்டிட்டு, நாளைக்கு பஸ் ஏற வேண்டாம்னு சொல்லுங்க.”